யாழ்ப்பாணத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. விடுமுறைக்கு வடக்குப் பக்கம் வான் பிடிக்க நினைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

புத்தளத்திலிருந்து எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணம் வரும் விதம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஹயஸ் வான், அதில் பதினான்கு பேர், பின்னால் சோற்றுச் சட்டி. இரவோடு இரவாக வெளிக்கிட்டு விடிய வந்து சேருவார்கள். கோட்டையில் கொஞ்ச நேரம், நூலகத்தின் முன்னால் படம், நல்லூரில் ஐஸ்கிறீம், கசூரினாவில் ஒரு குளிப்பு, இருட்டமுன் திரும்பல். சோனகத் தெரு? "நேரமிருந்தால் பார்ப்போம்" என்பார்கள். நேரம் ஒருநாளும் இருப்பதில்லை.

பட்டியலைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. சோனகத் தெருவில் தொடங்குங்கள், அதுவும் கால்நடையாக. கசூரினாவை விட்டுவிடுங்கள். புத்தளத்திலும் கடல் இருக்கிறது.

நாங்கள் இருவரும் பூநகரிக் கோட்டத்தில் படிப்பிக்கிறோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எங்களில் ஒருவர் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. மற்றவர் பிறக்கவே இல்லை. ஆகவே எங்களுக்கும் அது கேட்ட கதைதான். ராத்தாவுக்கு அப்போது ஏழு வயது. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

போன விடுமுறையில் ராத்தா குடும்பம் நீண்ட பயணமொன்று வந்தது. புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, மன்னார், அங்கிருந்து ஏ-32 வீதியால் வெள்ளாங்குளம், முழங்காவில் தாண்டி எங்கள் வீடு. இங்கே இரவு தங்கிவிட்டு மறுநாள் யாழ்ப்பாணம். அதற்கு அடுத்த நாள் ஏ-9 வழியாகத் திரும்பல். யாழ்ப்பாணத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்று நாங்கள் முதலே பிடிவாதமாகச் சொல்லியிருந்தோம்.

மச்சான் புத்தளத்தையே சொந்த ஊராகக் கொண்டவர். நல்ல மனிதர். முதல் நாள் இரவே எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைகள் சந்தோஷமா சுத்திப் பார்க்கட்டும். பழைய கதையச் சொல்லி மனசுல கோபத்த ஏத்தி அனுப்பாதீங்க" என்றார். இது மச்சான் மட்டும் சொல்வதல்ல. எங்கள் சமூகத்தில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்தப் பேச்சுத்தான்.

காலையில் சுபஹ் தொழுததும் வெளிக்கிட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் வானை நிறுத்தாமல் போனால் பிள்ளைகள் விடமாட்டார்கள். நிறுத்துங்கள், காலம் சரியென்றால் களப்பில் பூநாரைகளையும் காணலாம். 288 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையில் பாதைப்படகுதான். போர்க்காலத்தில் அதுவும் இல்லாமல் போய், கிளாலிக் கடலில் இருட்டில் வள்ளம் ஏறிய சனம் எத்தனை! இப்போது பாலத்தைத் தாண்ட ஒரு நிமிடமும் வேண்டாம்.

ஏழரைக்கெல்லாம் ஐந்து சந்தியில் இறங்கிவிட்டோம். வெயில் ஏறவில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த வீடுகளுக்குப் பக்கத்திலேயே கூரையில்லாத சுவர்கள், உள்ளே மரம் முளைத்த அறைகள். ராத்தா ஒழுங்கை முகப்பில் நின்று வீடுகளை விரலால் எண்ணத் தொடங்கினார். பெரியப்பா வீடு, தையல்காரர் வீடு, கிணற்று வீடு. நான்காவதில் விரல் நின்றது. கதவு நிலை இல்லை, ஆனால் படி இருந்தது. அந்தப் படியில் மகன் ஏறி நின்று படம் எடுக்கச் சொன்னான். பத்து வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? ராத்தா சிரித்துக்கொண்டேதான் எடுத்தார்.

மகளுக்குப் பதினான்கு. அவள்தான் கேட்டாள்: "நீங்க ஏன்மா திரும்பி வரல்ல?"

இந்தக் கேள்விக்கு மேடையில் ஒரு பதில் உண்டு, வீட்டில் ஒரு பதில் உண்டு. ராத்தா வீட்டுப் பதிலைச் சொன்னார். காணி ஆறு பிள்ளைகளுக்குப் பொது. உறுதியைத் தேடி எடுக்கவே வருடங்கள் போயின. கட்டப் பணம் இல்லை. அதற்குள் கல்யாணம், பிள்ளைகள், புத்தளத்தில் அவர்களின் பள்ளிக்கூடம். "வந்திருந்தா நீ பிறந்திருக்க மாட்டாய்" என்றும் சேர்த்துச் சொன்னார். அப்போது மச்சானும் சிரித்தார். போனவர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே திரும்பி நிலைத்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று மச்சானுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம். கல்யாண வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பாதி சொல்லிப் பாதி விழுங்கும் கதையிலிருந்துதான் வருகிறது. தெருவை நடந்து பார்த்து, சந்திக் கடையில் பிளேன்ரீ குடித்து, இன்று யார் யார் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்று கண்ட பிள்ளைக்குத் துக்கம் வரலாம், வரட்டும். ஆனால் கண்ணால் கண்ட ஊரை மொத்தமாக வெறுப்பது கஷ்டம்.

அடுத்தது கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகப் பலப்படுத்தியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இன்னொன்றையும் நீங்கள் சொல்லுங்கள். 1990 ஜூனிலிருந்து இந்தக் கோட்டை முற்றுகையில் இருந்தது. செப்டெம்பர் கடைசியில் இராணுவம் விட்டுப் போனது. அடுத்த மாதம் முடியும்போது எங்கள் ஆட்கள் தெருவில். மூன்று திகதிகளையும் வரிசையாகச் சொன்னதும் மகள் மௌனமாகிவிட்டாள். "அப்ப ஊரே சண்டைக்குள்ளதான் இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

நூலகத்துக்குப் போகும்போது தயவுசெய்து வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அது தமிழருக்கு மட்டும் நேர்ந்த இழப்பு என்று எங்கள் பிள்ளைகள் நினைத்தால் அவர்களுக்கு யாழ்ப்பாணம் தெரியாது. அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ். இந்துக் கல்லூரியில் படித்து, சிவில் சேவைக்குப் போய், பின்னர் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானவர். காதி எம். எம். சுல்தான் இந்த நகரத்துக்கே மேயராக இருந்தவர். அப்படிப்பட்ட ஊரின் நூலகம் எங்களுடையதும்தான்.

ஐஸ்கிறீமை விடவில்லை. பதினான்கு பேருக்கு எவ்வளவு ஆனது என்று மச்சானிடம் கேளுங்கள்.

இனித் தமிழ் நண்பர்களுக்கு. எங்கள் ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "யாழ்ப்பாணத்தில முந்தி முஸ்லிம் ஆக்கள் இருந்தவையோ சேர்?" அவன் குரலில் துளியும் வன்மம் இல்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாச்சிக்குடா இதே பூநகரிப் பிரதேசத்தில் இருக்கிறது, ஆனாலும் அவனுக்குத் தெரியவில்லை. கிளிநொச்சிப் பாடசாலைகள் யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா போகின்றன. கோட்டை, நூலகம், நல்லூர். அதில் சோனகத் தெருவுக்கும் ஒஸ்மானியாவுக்கும் ஒரு மணித்தியாலம் சேர்க்கலாம் என்று நாங்கள் கேட்டபோது யாரும் எதிர்க்கவில்லை. பஸ் நேரம் இடிக்கும் என்றார்கள். அடுத்த முறையும் கேட்போம்.

எங்கள் ஆட்களுக்கும் இதே அளவு கடமை உண்டு. ராத்தா குடும்பம் தங்கிய இரவு, பக்கத்து வீட்டு அம்மம்மா வந்திருந்து கதைத்தார். 2008இல் பூநகரி விழமுன்னர் உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். முள்ளிவாய்க்காலில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மெனிக் பாம் முகாம் பற்றி மட்டும் சொன்னார். புத்தளத்து முகாமில் ஓலைக் குடிசைக்குள் வளர்ந்த ராத்தா அந்த அம்மம்மாவிடம் கேட்ட கேள்விகள், தண்ணீருக்கு எவ்வளவு தூரம், மலசலகூடத்துக்கு வரிசை எப்படி, என்பவைதான். இருவரும் பதினொரு மணி வரை அதைத்தான் கதைத்தார்கள்.

ஏ-32இல் வரும் வான்கள் பூநகரியில் நிற்பதே இல்லை. நில்லுங்கள். சின்னக் கோட்டை ஒன்று இடிந்த நிலையில் வீதிக்கு அருகில் இருக்கிறது, அரை மணித்தியாலம் போதும். கூடுதலாக நேரமிருந்தால் கௌதாரிமுனை மணல்மேடுகளும் மண்ணித்தலைச் சிவன் கோயிலும். பாதை கரடுமுரடு, மழை நாளில் வானை இறக்காதீர்கள். எங்கள் வீட்டில் மொட்டைக்கறுப்பன் சோறு நிச்சயம். இறைச்சிக்குத்தான் ஒரு நாள் முன்னால் சொல்லிவைக்க வேண்டும், வரும்போது போன் எடுங்கள்.