7200 சுத்து எதுக்கு?

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு)



"மலருக்கு ஏதாச்சும் எழுதுலே" என்று பேரவையில் சொன்னதும் கவிதைதான் எழுத நினைத்தேன். வரவில்லை. பட்டுத் தெரிந்த விஷயத்தையே எழுதுகிறேன்.

செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். ஆன் பண்ணிட்டு ஆத்துல குளிச்சிட்டு வந்தாலும் ஸ்கிரீனில் வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கும். "5400 ஆர்பிஎம் டிஸ்க் தம்பி, 7200 போட்டா பறக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். அம்மா பீடி சுத்திச் சேர்த்த பணம். வாங்கிப் போட்டேன். வட்டம் நிற்கவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். (முதலிலேயே போட்டிருக்கணும்!) நிமிஷத்துக்கு 7200 என்றால் ஒரு சுத்துக்கு 8.33 மில்லி செகண்ட். பொருட்காட்சி ராட்டினத்தில் நம்ம பெட்டி கீழே வரும்வரை நிற்போமே, அதுபோல வேண்டிய டேட்டா ஹெட்டுக்கு நேரே வர சராசரியாக அரைச் சுத்து காத்திருக்கணும். அது 4.17. ஹெட் நகர்வதற்கு சுமார் 9. ஆக மொத்தம் 13. செகண்டுக்கு எண்பது தடவைகூடத் தேறாது. விண்டோஸ் கிளம்பும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். 5400-ல் அந்த அரைச் சுத்து 5.56. வித்தியாசம் வெறும் 1.4 மில்லி செகண்ட். இதுக்கா அந்தப் பணம்?

சீகேட் பராகுடா 7200-ஐக் கொண்டுவந்தது 1992-ல். நாம பிறக்கும் முன்னாலேயே வந்த எண்ணை இன்னும் வேகம் என்று விற்கிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் 6 ஜிகாபிட், சாட்டா இணைப்பின் அளவு. டிஸ்க்கின் வேகம் அல்ல. நாலு வழிச் சாலையில் விட்டாலும் மாட்டு வண்டி மாட்டு வண்டிதான்.

எஸ்எஸ்டியில் சுத்தும் தட்டே கிடையாது. சுமார் 0.1 மில்லி செகண்டில் டேட்டா வந்துவிடும். பழைய போர்டில் சாட்டா 3 ஜிகாபிட்தான் என்றாலும் தயங்காதீங்க, காத்திருப்பு குறைவதுதான் முக்கியம். எம்.2 வாங்குவதாக இருந்தால் மட்டும், போர்டில் ஸ்லாட் இருக்கா, அது என்விஎம்இ ஏற்குமா, சாட்டா மட்டும்தானா என்று பாத்துக்கிடுங்க.

தீபாவளி சமயம் ஜவுளிக்கடை வேலைக்குப் போன காசில் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இப்போ சட்டைப் பட்டன் மாட்டுவதற்குள் வந்து நிக்குது. எஸ்எஸ்டி சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுமாம், அதனால் புராஜெக்ட் காப்பி எல்லாம் அந்த 7200 டிஸ்க்கில்தான் வச்சிருக்கேன்.

அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லலை.