தின்னவேலி வளருது, நாங்கள் வெளிக்கிடுறம்

யாழ்ப்பாணம் வளருது எண்டு சொல்லுற ஆக்கள் இப்ப நகரத்தைக் காட்டுறது குறைவு. நகரத்துக்கு வடக்கே, கடற்கரை இல்லாத நடு வலிகாமத்தைத்தான் காட்டுகினம். பலாலி வீதியில் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய். காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம். மரவள்ளியும் வாழையும் நின்ற செம்மண் தறைகளில் இண்டைக்கு மூன்று மாடி, நான்கு மாடி. சுப்பர்மார்க்கெட், நகைக்கடை, லீசிங் கொம்பனி, கலியாண மண்டபம், தனியார் ஆஸ்பத்திரி, ஏசி போட்ட ரியூசன். "உவ்வளவு கட்டிடம் வந்தாப் பிறகும் வேலை இல்லை எண்டு சொல்லுறியளோ?" எண்டு எங்களைக் கேட்கிறார்கள்.

ஓம், சொல்லுறம். அந்தக் கட்டிடங்களுக்குள் வேலை செய்கிறவர்களும், செய்து பார்த்துவிட்டு விலகியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். பட்டம் முடித்துவிட்டு வர்த்தமானி பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வாதம் இதுதான்: இஞ்ச நடக்கிற வளர்ச்சி இளம் ஆக்களை வெளியில் அனுப்பி, அவர்கள் அனுப்பும் காசில் நடக்கிறது. அந்தக் காசு கட்டிடமாகிறது, காணி விலையாகிறது. ஊரில் நிற்கக்கூடிய சம்பளமாக மட்டும் ஆகிறதில்லை.

முதலில் ஆட்தொகையைப் பார்ப்போம். 1981 கணக்கெடுப்பில், கிளிநொச்சியும் சேர்ந்திருந்த அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம், கிளிநொச்சியில் 1 இலட்சத்து 13 ஆயிரம். இரண்டையும் கூட்டினாலும் 7 இலட்சம் வராது. அதே 31 வருடத்தில் நாட்டின் சனத்தொகை 1 கோடி 48 இலட்சத்தில் இருந்து 2 கோடியைத் தாண்டிவிட்டது. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. போர் கொன்றதும் துரத்தியதும் இதற்குப் பெரிய காரணம், அதை ஒருவரும் மறக்கக்கூடாது. ஆனால் 2009க்குப் பிறகும் ஏஜென்சிக்காரனின் வாசலில் கூட்டம் குறையவில்லை. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்த பிறகு கனடா, பிரான்ஸ், கட்டார் எண்டு ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஆள் குறைந்தது.

ஆட்தொகை இப்படிக் கிடக்க, காணி விலை எப்படி ஏறுது? வாங்குகிற காசு இஞ்ச உழைத்த காசு இல்லை என்பதால்தான். 2024இல் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் 657 கோடி டொலர். அது வங்கி வழியாக வந்த கணக்கு. உண்டியலில் வந்தது அதுக்குள்ள இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காசு வீட்டுச் செலவு போக மதிலாக, மாபிளாக, பரப்புக் காணியாக மாறுகிறது. போதாக்குறைக்கு, 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனத்தின் காணி கட்டம் கட்டமாக விடப்பட்டாலும், பலாலியைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் இன்னும் இராணுவத்திடம். நல்ல செம்மண் தோட்டங்களை வேலிக்குள் வைத்துக்கொண்டு, மிச்ச நிலத்துக்குள் எல்லாரையும் நெருக்கினால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

இனி வேலையைப் பார்ப்போம். இந்தக் கட்டிடங்களில் இருப்பது விற்கிற வேலை, கடன் குடுக்கிற வேலை, காவல் நிற்கிற வேலை. பொருள் கொழும்பில் இருந்தும் சீனாவில் இருந்தும் வருகிறது. நாங்கள் அதைத் தட்டில் அடுக்குகிறோம். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியில் 30,000. அதை எடுக்கிற ஒரு பிள்ளை, சாப்பாட்டையும் பஸ் காசையும் எப்படியோ சமாளித்து மாதம் 10,000 மிச்சம் பிடிக்கிறாள் எண்டு வைப்பம். பத்து வருடத்தில் 12 இலட்சம். அந்தக் காசுக்குப் பலாலி வீதிக் கரையில் எத்தனை பரப்பு வரும் எண்டு ஒரு காணித் தரகரிடம் கேட்டுப் பாருங்கோ. அவர் சிரிப்பார்.

அந்தச் சம்பளமும் சட்டப்படி வருவதில்லை என்பதுதான் கன பேரின் அனுபவம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. ஈபிஎப்புக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும், ஈரிஎப்புக்கு முதலாளி இன்னொரு 3 வீதமும் கட்டவேண்டும். எங்களில் ஒருத்தி வேலை செய்த கடையில் நியமனக் கடிதம் கேட்டதற்கு, "இது என்ன கவுண்மேந்தோ?" எண்டு பதில் வந்தது. காலமை எட்டரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் விடுவார்கள். இருக்கக் கதிரை இல்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை வைக்கவேண்டும் எண்டு 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள். தமிழ்நாட்டுப் படம் வெளிவருகிற அன்றே இஞ்ச வந்து சேருது. இந்தக் கதிரை மட்டும் இன்னும் பாக்குநீரிணையைத் தாண்டேல்லை.

இந்த நிலம் எப்பவும் வாங்கி விற்கிற நிலமாக மட்டும் இருந்ததில்லை. கொக்குவில், கோண்டாவில், தாவடி, இணுவில் பக்கத்துக் கொட்டில்களில் சுற்றிய சுருட்டு தென்னிலங்கைச் சந்திகள் வரைக்கும் போனது. 1970இல் வந்த அரசாங்கம் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது; 1977இல் சந்தையைத் திறந்துவிட்டதும் அது சரிந்தது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றது. அந்தக் காலத்தைப் பொற்காலம் எண்டு நாங்கள் பாடேல்லை. தோட்டத்தில் இறைத்தவர்களுக்கும் சாறியவர்களுக்கும் பல இடத்தில் சொந்தக் காணி இருந்ததில்லை. சாதி பார்த்துத்தான் கிணற்றுத் தண்ணியும் கிடைத்தது. ஆனால் அப்ப இந்த மண்ணில் செய்த பொருள் வெளியில் போய்க் காசைக் கொண்டுவந்தது. இப்ப வெளியில் போறது ஆக்கள்.

இதற்கு எங்களுக்குக் கிடைக்கிற முதல் மறுமொழி, "உங்கட பொடியளுக்குப் பஞ்சி". திருவிழாவுக்கு வந்து நிற்கிற மாமாமாரும் இதைத்தான் சொல்லுவினம். இஞ்ச பஞ்சி பிடித்தவன் எண்டு பேர் வாங்கின பொடியன் லாச்சப்பலில் பன்னிரண்டு மணித்தியாலம் கோப்பை கழுவுறான். விமானம் ஏறினவுடன் பஞ்சி எங்க போனது? உழைப்புக்கு விலை கிடைக்கிற இடத்தில் அவன் உழைக்கிறான். "மேசன் வேலைக்கு ஆள் இல்லை" எண்டும் சொல்லுகினம். மேசனின் நாள் கூலி குறைவில்லைத்தான். ஆனால் மாரியில் வேலை இல்லை, சாரத்தில் இருந்து விழுந்தால் பார்க்க ஆள் இல்லை, சேமலாப நிதி இல்லை. அதோடு, கலியாணம் பேசப் போனால் "மாப்பிள்ளை கவுண்மேந்தோ, வெளிநாடோ?" எண்டுதான் கேள்வி. மேசனுக்குப் பெண் குடுக்காத சமூகம் மேசனைக் காணேல்லை எண்டு அழக்கூடாது.

இரண்டாவது மறுமொழி அரச வேலை. 2017இல் யாழ் கச்சேரிக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 1974இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. அதைச் சுற்றித்தான் இந்த ஊரே இவ்வளவு பெரிதானது. வருடா வருடம் பட்டதாரிகளை உருவாக்கிற ஊரில் அவர்களுக்கான வேலையை யோசிக்காத அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத்தான் வேணும். ஆனால் 2020இல் பட்டதாரிப் பயிலுநர் எண்டு எடுத்தவர்களுக்குக் குடுத்தது மாதம் 20,000 ரூபா. பலருக்கு அலுவலகத்தில் மேசையும் இல்லை, வேலையும் இல்லை. அரச நியமனத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் எங்களுக்கு இப்படி ஒரு பொட்டலம் நீட்டப்படும். மிச்ச நாட்டுக்கு நாங்கள் கெஞ்சுகிற கூட்டமாகவே தெரிவோம்.

மூன்றாவது மறுமொழி முதலீடு. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அச்சுவேலி கைத்தொழில் பேட்டை இந்திய உதவியோடு 2014இல் மீளத் திறக்கப்பட்டது. மட்டுவிலில் 2022 மார்ச்சில் பொருளாதார மத்திய நிலையம் திறந்தார்கள். ரிபன் வெட்டிய பிறகு நீண்ட காலம் அது வியாபாரம் இல்லாமல் கிடந்தது. இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளத்தில் முதலீட்டு வலயம் எண்டு கதைக்கினம். வரட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: 2025 செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி நேரில் வந்து யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகத்தைத் திறந்துவைத்தார். அது தேவைதான், கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் அலைந்த சனத்துக்கு அந்த அருமை தெரியும். எண்டாலும், இளம் ஆக்களுக்காக அரசாங்கம் குடுத்த வாக்குறுதிகளில் சொன்ன மாதிரி உடனே இயங்கத் தொடங்கியது ஊரைவிட்டுப் போக உதவுகிற அலுவலகம்தான்.

கணினித் துறையும் சிறிய அளவில் வந்திருக்கிறது. திருநெல்வேலியில் அறை எடுத்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்கிற நண்பர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள். சந்தோசம். ஆனால் ஆங்கிலமும் மடிக்கணினியும் கைக்கு எட்டியவர்களின் கதவு அது. சுன்னாகத்துக்குப் பக்கத்து முகாம்களில் இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அதைக் காட்டி "நீயும் படி" எண்டு சொல்வது தீர்வு இல்லை.

தொழிற்சாலை எதுவாக இருந்தாலும் வரட்டும் எண்டும் நாங்கள் சொல்லேல்லை. சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது இந்த ஊருக்கு மறக்காது. 2019இல் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. எங்களுக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத் தண்ணிதான் குடிக்கவும் இறைக்கவும். அதைக் கெடுத்துவிட்டு எந்தச் சம்பளத்தை வைத்து என்ன செய்வது?

அப்ப என்ன வேணும் எண்டு கேட்பியள். எங்களிடம் மந்திரம் இல்லை, சில கோரிக்கைகள் இருக்கின்றன.

இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கோ. நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, சேமலாப நிதி, வேலை நேரம். தொழில் திணைக்களம் முறைப்பாடு வரும் வரைக்கும் காத்திருக்காமல் பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் கடை கடையாக ஏறவேண்டும். வர்த்தகர் சங்கங்கள் பண்டிகைக்குப் பந்தல் போடுகிற உற்சாகத்தில் பாதியை இதில் காட்டினால் காணும்.

2025 மே மாதத் தேர்தலில் வந்த நல்லூர், வலிகாமம் தெற்குப் பிரதேச சபைகள் கட்டிட அனுமதி குடுக்கும்போது தண்ணி எங்கே போகும், வாகனம் எங்கே நிற்கும், அது விளைநிலமா எண்டு கேட்கட்டும். கேட்டதையும் குடுத்ததையும் சனத்துக்குத் தெரியப் போடட்டும். இன்னும் பத்து வருடத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி முழுக்கத் தம்புள்ளையில் இருந்துதான் வரவேணுமெண்டால், இப்ப செய்கிறதையே செய்துகொண்டிருக்கலாம்.

வலயம் அமைக்கிற அரசாங்கம் முதலீட்டாளருக்கு வரிச்சலுகை சொல்லுமுன் எங்களுக்கு இரண்டு விபரம் சொல்லட்டும்: எத்தனை வேலை, என்ன சம்பளம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கிண்டுகிற நேரத்தில் இறக்குமதியைத் திறந்து தோட்டக்காரரை விழுத்துவதை நிறுத்தட்டும். இராணுவத்திடம் இருக்கிற தோட்டக் காணியை விடட்டும். அதைவிடப் பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் வலிகாமத்துக்கு இல்லை.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கட காசில்தான் கன குடும்பம் மூச்சு விடுது, அந்த நன்றி எங்களுக்கு இருக்கு. ஆனால் அடுத்த கலியாண மண்டபத்துக்குக் கல்லு வைக்க முதல் ஒரு குளிர்களஞ்சியம், ஒரு பழப் பதனிடல், ஒரு வேலைத்தலம் எண்டு யோசியுங்கோ. மண்டபம் ஒரு முகூர்த்தத்துக்கு இருபது பேருக்குச் சாப்பாடு பரிமாற வேலை குடுக்கும். அடுத்த முகூர்த்தம் வரைக்கும் அந்த இருபது பேர் என்ன செய்வினம்?

கடைசியாக, கடையிலும் லீசிங்கிலும் ஆஸ்பத்திரியிலும் நிற்கிற எங்கட வயதுக்காரருக்கு. தனிய நின்று சம்பளத் துண்டு கேட்டால் "நாளைக்கு வரவேண்டாம்" எண்டு சொல்லுவினம். ஒரு வீதியில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. சங்கம் எண்டால் ஏதோ பழைய காலத்துச் சொல் எண்டு நினைக்காதையுங்கோ. முதலாளிமாருக்குச் சங்கம் இருக்கு, தனியார் பஸ்காரருக்கு இருக்கு, ஓட்டோக்காரருக்கும் இருக்கு. இந்தக் கட்டிடங்களுக்குள் நாள் முழுக்க நிற்கிற எங்களுக்குத்தான் இன்னும் இல்லை.