எடைக்குப் போகும் ஏடுகள்

கோனான் தாயிலின் சேர்லாக்கு ஓம்சுக் கதைகளையும், அவற்றைப் பார்த்துப் பிறர் எழுதிய போலிகளையும், பழைய வியப்புப் புதினங்களையும் ஆங்கிலேயன் பொன்போற் பேணுகின்றான். நம் திண்டுக்கல்லிலும் அவற்றைத் தேடி வாங்கி அடுக்குவோர் உளர். அடுக்கட்டும், குற்றமன்று. ஆனால் அதே ஓம்சை ஆனந்தசிங்கு எனத் தமிழில் உலவவிட்ட, 1925-இல் மறைந்த ஆரணி குப்புசாமி முதலியாரின் புதினம் ஒன்றேனும் அவ்வடுக்கில் உண்டா? மதுரையை ஆண்ட அல்லியின் வியப்புக் கதையான பெரிய எழுத்து அல்லியரசாணி மாலை எத்தனை வீட்டில் எஞ்சியுள்ளது?

நம்மவருள்ளும் சிலர், “அப்புதினங்கள் வடசொற் குப்பை, செல்லரிக்கட்டும்” என்பர். யாம் ஒப்போம். தமிழ் எவ்வளவு கெட்டிருந்தது, எங்ஙனம் மீண்டது என்பதற்கு அந்நூல்களே சான்று. சான்றை அழித்துவிட்டு வழக்காடுவது எப்படி? நம் வத்தலக்குண்டு இராசமையரின் கமலாம்பாள் சரித்திரம் (1896) பெயரிலேயே வடமொழி சுமக்கின்றது. எனினும் அதனுள் ஊர்ப்பேச்சு உயிரோடுளது.

கோட்டையூர் ரோசா முத்தையா தனியொருவராய் நூலும் இதழும் பிறவுமாக ஏறத்தாழ 1,00,000 திரட்டினார். அவர் மறைந்தபின் அவற்றை விலைகொடுத்துக் காத்தது அமெரிக்கச் சிக்காகோப் பல்கலைக்கழகம்! (தமிழ்நாட்டுச் செல்வர் அன்று எங்கிருந்தனரோ?) 1994 முதல் அத்தொகுதி சென்னையில் நூலகமாய் இயங்குகின்றது.

திண்டுக்கல் அன்பர்களே! பூட்டுக்குப் பேர்பெற்ற ஊரில் பாட்டன் ஏடுகளுக்குக் காப்பில்லை. பழந்தாள் கடையின் நிறைகோலுக்குப் போகுமுன் பரணில் ஏறிப் பாருங்கள். அட்டை கிழிந்திருப்பினும், பல பகுதிகளுள் ஒன்றே கிடைப்பினும் விடற்க. பதிப்பாண்டும் அச்சகப் பெயரும் உள்ள முகப்புத் தாளை முதலிற் காக்க.