இன்னொரு வருகைப் பதிவேடு



காலை பத்து மணிக்கு ஒரு தாலுகா அலுவலகத்துக்கோ அரசு மருத்துவமனையின் பதிவு அறைக்கோ போனால் பார்க்கலாம். மேலாளர் மேசையில் தடித்த அட்டை போட்ட வருகைப் பதிவேடு இருக்கும். அதன் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கையால் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றும் இருக்கும். முதலாவதில் கையெழுத்துப் போடுகிறவர் அரசு ஊழியர். இரண்டாவதில் போடுகிறவர் ஏஜென்சி ஆள். பல இடங்களில் நோட்டுக்காரர்தான் முதலில் வந்து கடைசியில் போவார். சான்றிதழ் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றுவது அவர். கலெக்டர் ஆபீஸ் கேட்கிற புள்ளிவிவரத்தை மதியத்துக்குள் அனுப்புவதும் அவர்தான். ஆய்வுக் கூட்டம் என்றால் டீக்குச் சொல்வதும் அவர் தலையில்தான் விழும். “அந்தப் பொண்ணு இன்னைக்கு லீவுங்க, நாளைக்கு வாங்க” என்று உங்களை எப்போதாவது திருப்பி அனுப்பியிருந்தால், அந்தப் பொண்ணின் பெயர் பெரும்பாலும் நீள நோட்டில்தான் இருக்கும்.

மாவட்ட அலுவலகம் ஒன்றில் டேட்டா என்ட்ரி செய்யும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பது வருடமாக அதே நாற்காலி. அதற்குள் நான்கு ஏஜென்சி மாறிவிட்டது. “மார்ச் பிறந்தாலே எனக்குத் தூக்கம் போயிடும் சார்” என்கிறார். மார்ச் 31ஆம் தேதி டெண்டர் முடிகிறது. புது ஏஜென்சி வந்தால் பழைய ஆட்களை வைத்துக்கொள்ளுமா, தன் ஆட்களைக் கூட்டி வருமா என்பது யாருக்கும் தெரியாது. பிரிவில் உள்ளவர்கள் பரிந்து பேசினால் மறுபடி போட்டோ, மறுபடி ஆதார் நகல், மறுபடி விண்ணப்பம். புது அடையாள அட்டையில் பணியில் சேர்ந்த தேதி ஏப்ரல் 1 என்று அச்சாகி வரும். முந்தைய ஆண்டுகள் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தால் பணிக்கொடை என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நான்கு ஏஜென்சி மாறியவருக்கு அந்த ஐந்தாண்டு எங்கிருந்து வரும்?

பிரசவத்துக்கு லீவு கேட்டபோது, “ஏஜென்சியைக் கேளுங்க” என்றது அலுவலகம். “ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றது ஏஜென்சி. ஊரில் மட்டும் அவருக்குப் பெயர் ‘கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு’. அதைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லையாம். திருத்தத்தான் வேண்டுமா என்ன!

இப்போது பணத்துக்கு வருவோம். செலவு குறையும் என்பதுதான் ஏஜென்சி முறைக்குச் சொல்லப்படும் காரணம். கணக்குக்காக மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்கு பி.எஃப்., நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 விழுக்காடு, இ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு. தொகை 17,437 ரூபாயைத் தாண்டுகிறது. ஆள் வழங்கும் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 20,500க்கு மேல் போகிறது. ஏஜென்சியின் கட்டணம் தனி. தொழிலாளி பங்கு பி.எஃப். 12, இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு பிடித்தது போக அந்தப் பெண்ணின் கைக்கு வருவது 13,087 ரூபாய் சொச்சம். ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலக் கஜானாவுக்கே திரும்பிவிடும் என்று கணக்கு தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவருக்கு எதுவும் திரும்பாது.

இதிலும் டெண்டரில் குறைந்த கட்டணம் கேட்டவருக்குத்தான் வேலை. கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம் என்கிற அளவுக்குக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. தர்மத்துக்கா கம்பெனி நடத்துகிறார்கள்? சேரும்போது ‘டெபாசிட்’, யூனிஃபார்முக்கு ஒரு தொகை, முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கையும் இவர் சம்பளத்திலேயே பிடிப்பது என்று விட்டதைப் பிடிக்க வழிகள் இருக்கின்றன. கேட்டால் அடுத்த மார்ச் இருக்கிறதே.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆண்டு முழுக்க நடக்கும் நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அரசுக்கே அதிகாரம் தந்தது. அப்படித் தடை செய்தாலும் ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வில்லாமல் வந்தவர்களுக்கு நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்றது அரசியல் சாசன அமர்வு. பத்தாண்டுக்கு மேல் பணிபுரிந்த சிலரை ஒருமுறை மட்டும் முறைப்படுத்தலாம் என்று அதே தீர்ப்பில் இருந்த பகுதியை பல அலுவலகங்கள் வசதியாக மறந்துவிட்டன. 1970ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 20 தொழிலாளர் இருந்தால் பொருந்தும் என்றிருந்த வரம்பு இப்போது 50.

ஆறுதலாக ஒன்று. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் சுமார் இருபது ஆண்டு துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்து, 2018இல் ஒரே நாளில் நிறுத்தப்பட்டவர்களை மீண்டும் சேர்த்து நிரந்தரமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். இவர்களை அனுப்பிவிட்டு அதே வேலையை ஏஜென்சியிடம் கொடுத்ததையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். ஆனால் அவர்களை வேலைக்கு வைத்தது ஆணையமே. நம் வாசகிக்கு நடுவில் ஏஜென்சி நிற்கிறது. என்னைக் கேட்டால், ஏஜென்சியை வைப்பதே அதற்குத்தான். நாளைக்கு “நான் உங்கள் ஊழியர்” என்று யாரும் வந்து நிற்கக் கூடாது. அந்த நிம்மதிக்குத்தான் அரசு இத்தனை விலை கொடுக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குரூப் 4 தேர்வுக்கு வருடக்கணக்காகப் படிக்கும் பிள்ளைகள், “பின்வாசலில் வந்தவர்களை நிரந்தரமாக்கினால் எங்கள் கதி?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களுடைய பணியிடத்தை விழுங்கியது நீள நோட்டுக்காரர் இல்லை. காலியிடத்தை நிரப்பாமல் விட்ட கோப்பு. எல்லா ஆட்சியிலும் பெருமையாகப் பேசப்படும் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் இனச்சுழற்சியும் ஏஜென்சி நியமனத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் அந்தப் பிள்ளைகள் கேட்க வேண்டும். அரசுப் பணிகளை ஏஜென்சி மூலம் நிரப்புவது உள்ளிட்டவற்றை ஆராய ஒரு குழுவை அமைத்து 2022 அக்டோபரில் அரசாணை 115 வந்தபோது ஊழியர் சங்கங்கள் எழுப்பிய எதிர்ப்பால் அந்தக் குழுவின் ஆய்வு வரம்பைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது. டெண்டர்கள் அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

அரசு அலுவலகங்களில் நிரந்தரமாகப் பணிபுரியும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புது டெண்டர் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களையே தொடர வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதி வையுங்கள். பில் பாஸ் செய்யும் முன் பி.எஃப். கட்டிய ரசீதைக் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் தர வேண்டியது உங்கள் அலுவலகம்தான். பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது.

நீள நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள், உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். பிறகு எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். பெயரும் அலுவலகமும் வேண்டாம். எத்தனை வருடம், எத்தனை ஏஜென்சி, கைக்கு எவ்வளவு வருகிறது என்று மட்டும் எழுதினால் போதும், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்