சாவி யார் கையில்? விண்டோஸ் - யூனிக்ஸ் சண்டையை அப்புறம் பார்க்கலாம்!

கம்ப்யூட்டர் தெரிந்த நாலு பேர் ஒன்று சேர்ந்தால் ஒரு சண்டை நிச்சயம். "விண்டோஸ் ஓட்டை டப்பா, யூனிக்ஸ்தான் கோட்டை" என்பார் ஒருவர். "அந்தக் கோட்டையைக் கட்டி மேய்க்க ஆள் எங்கேய்யா கிடைக்கிறான்?" என்பார் இன்னொருவர். விடிய விடிய நடக்கும்.

குடிதண்ணீர், மின்சாரம், எண்ணெய்க்குழாய் போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு அறைகளில் இந்தச் சண்டைக்கு அர்த்தமே இல்லை. அங்கே இரண்டும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வெளியிலிருந்து உள்ளே வரும் கதவின் சாவி யார் யார் கையில் இருக்கிறது?

ஒரே கூரை, இரண்டு குடித்தனம்

பல ஆலைகளில் கட்டுப்பாட்டு சர்வர் சொலாரிஸ், ஏ.ஐ.எக்ஸ். மாதிரி ஏதாவது ஒரு யூனிக்ஸில் ஓடும். வாங்கி இருபது வருடம் ஆகியிருக்கும். ஆபரேட்டர் பார்க்கும் திரையோ விண்டோஸ். யூனிக்ஸ் பக்கம் நுழைய அந்தக் காலத்தில் டெல்நெட். அதில் பாஸ்வேர்டு அப்படியே வெட்டவெளிச்சமாகக் கம்பியில் போகும். இதற்கு மாற்றாக எஸ்.எஸ்.ஹெச். 1995லேயே வந்துவிட்டது. ஆனால் பழைய கருவிகள் பலவற்றுக்கு அது தெரியாது. விண்டோஸ் பக்கம் ரிமோட் டெஸ்க்டாப், அல்லது வி.என்.சி., அல்லது டீம்வியூவர்.

இதில் என்ன கூத்து என்றால், இரண்டு குடித்தனத்துக்கும் தனித்தனி ஆள் பட்டியல். ஒருவர் வேலையை விட்டுப் போனால் விண்டோஸ் பக்கம் அவர் பெயரை நீக்கிவிடுவார்கள். யூனிக்ஸ் பக்கம் பத்து பேர் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் நுழைந்துகொண்டிருப்பார்கள். அதை மாற்றினால் எது நின்று போகுமோ என்ற பயத்தில் யாரும் தொடுவதில்லை. போனவருக்கு சாவி போனபோதும் கையில்தான் இருக்கும்!

ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 2000இல் இதே வகை விபரீதம் நடந்தது. கழிவுநீர் அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், வெளியிலிருந்தபடியே ரேடியோ வழியாக பம்புகளுக்குக் கட்டளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் கொட்டியது. 2001இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை. வெளியே போனவரின் கட்டளையையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட அமைப்புக்கு யார் தண்டனை கொடுப்பது?

ஒரே நிறுவனம், ஒரே வருடம், இரண்டு பாடம்

விண்டோஸ் - யூனிக்ஸ் சண்டைக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டியது, அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் 2003ஆம் வருடக் கதை.

ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது. அந்த நிறுவனம் நடத்திய டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. வாசலில் ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் இணைப்பு அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போயிருந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரை ஏறக்குறைய 5 மணி நேரம் செத்துக் கிடந்தது. நல்லவேளை, அணு உலை அப்போது ஓட்டத்தில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

"பார்த்தீர்களா, விண்டோஸ்!" என்று துள்ள வேண்டாம். ஆகஸ்ட் 14 அன்று அதே நிறுவனத்தின் யூனிக்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பில் எச்சரிக்கை மணி நிரல் சத்தமில்லாமல் நின்றுபோனது. துணைமின் நிலையங்களில் இருந்த சில தொலைதூர முனையங்களும் நின்றன. மணி அடிக்கவில்லை என்பதே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆபரேட்டர்களுக்குத் தெரியாது. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 5 கோடிப் பேர் இருட்டில்.

முதலாவதில் புழு, இரண்டாவதில் நிரல் பிழை. ஆனால் இரண்டிலும் நிர்வாகம் அறியாத ஒன்று இருந்தது. உள்ளே யார் வருகிறார் என்பது முதலாவதில் தெரியவில்லை. உள்ளே என்ன நின்றது என்பது இரண்டாவதில் தெரியவில்லை. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் இதைச் சரிசெய்யும், சொல்லுங்கள்?

லாபம் கணக்கில், ஆபத்து காற்றில்

தொலைவிலிருந்து நுழையும் வசதியை நிறுவனங்கள் ஏன் விரும்புகின்றன? செலவு மிச்சம். நள்ளிரவில் பம்ப் பழுதானால் இன்ஜினியர் வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். இயந்திரம் விற்ற கம்பெனி வேறு நாட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும். இந்த மிச்சம் லாப நட்டக் கணக்கில் அழகாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் அந்தக் கதவால் வரும் ஆபத்து? அது எந்த ஐந்தொகையிலும் வராது. கதவு உடைந்தால் இருட்டில் உட்காருவதும், கெட்ட தண்ணீரைக் குடிப்பதும் பொதுஜனம். மிச்சம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு. இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, அடுத்தவன் பாக்கெட்டிலிருந்து எடுப்பது!

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள், திருடிய பாஸ்வேர்டுகளைக் கொண்டு முறையான தொலைதூர வாசல் வழியாகவே வந்தார்கள். இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை. ஆபரேட்டர் கண் முன்னாலேயே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைனில் 2021இல் திருடர்கள் நுழைந்ததும் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாகத்தான். அங்கேயும் வெறும் பாஸ்வேர்டு மட்டுமே. குழாய்க் கட்டுப்பாட்டை அவர்கள் தொடவில்லை, நிறுவனமே பயந்து குழாயை மூடியது. சுமார் 44 லட்சம் டாலர் கப்பமும் கட்டியது. இரண்டாவது சரிபார்ப்புக்கு இதில் எத்தனையில் ஒரு பங்கு செலவாகியிருக்கும்?

அதே 2021இல் ஃப்ளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் குடிநீர் நிலையத்தில் காரச் சோடா அளவு 100இலிருந்து 11,100 ஆக உயர்த்தப்பட்டது. ஊழியர் பார்த்து உடனே மாற்றிவிட்டார். ஹேக்கர் வேலை என்று உலகமே அலறியது. ஆனால் 2023இல் அந்த ஊரின் முன்னாள் நகர மேலாளரே அது ஊழியர் கைப்பிழை என்றார். வெளியாள் தாக்குதல் என்று எஃப்.பி.ஐ.யாலும் உறுதிசெய்ய முடியவில்லை. "அப்பாடா, ஹேக்கர் இல்லை" என்று நிம்மதி அடைபவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாக் கணினிக்கும் தொலைவிலிருந்து நுழைய ஒரே பாஸ்வேர்டு. தண்ணீரில் கைவைத்தது உள்ளாளா வெளியாளா என்று சொல்லவே பல காலம் ஆகிறது என்றால், அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேறென்ன வேண்டும்?

"எங்களுடையது தனி நெட்வொர்க் சார்!"

இது எல்லோரும் ஓதும் மந்திரம். 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையத் தரப்பும் இதைத்தான் சொன்னது: கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இருக்கிறது, சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்துவிட்டதாம். உலைக் கட்டுப்பாடு பாதிக்கப்படவில்லை என்றார்கள், சரி. ஆனால் தெரிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, செய்தி வெளியே கசிந்த பிறகுதான் மக்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அப்படியானால் கதவையே மூடிவிடலாமா?

வேண்டாம். அதுவும் முட்டாள்தனம். ஆளில்லாத துணைமின் நிலையத்துக்கும் காட்டுக்குள் இருக்கும் பம்புக்கும் தொலைதூர இணைப்பு தேவைதான். கேட்பதெல்லாம் ஒரு மளிகைக் கடை முதலாளி கல்லாப்பெட்டிக்குக் காட்டும் அக்கறைதான்:

1. விண்டோஸோ யூனிக்ஸோ, வெளியிலிருந்து வர ஒரே வாசல். அங்கிருந்துதான் இரண்டு பக்கமும் போக வேண்டும்.

2. ஆளுக்கொரு பெயர். பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பு. பொதுச் சாவி கூடாது.

3. வெளியார் வருகிறார் என்றால் உள்ளே இருப்பவர் திறந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் பூட்ட வேண்டும்.

4. யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற பதிவேடு. அதை மாற்றியவரே திருத்த முடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

5. கையால் இயக்கத் தெரிந்த ஆட்களை வேலையில் வைத்திருக்க வேண்டும். உக்ரைனில் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்ததற்குக் காரணம், ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கே போய் கையால் பிரேக்கரைப் போட்டதுதான்.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரே ஆள் பணத்தையும் வைத்துக்கொண்டு கணக்கையும் எழுதக் கூடாது என்பது வணிகவியல் முதல் வருடப் பாடம். பழைய கருவிக்கு இந்தப் புத்தி இல்லையென்றால் அதன் முன்னால் ஒரு வாசலை வையுங்கள். அதற்கும் பணமில்லை என்று சொல்லும் நிறுவனம், தொலைதூர வசதியால் மிச்சமான பணம் எங்கே போனது என்று முதலில் கணக்குக் காட்டட்டும். அதைக் கேட்கும் உரிமை குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.