பழைய கடைக்கு உரிய விலை

பெர்மாஸ் ஜெயாவில் உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. கடைவீட்டு வரிசைகளில் குளிரூட்டப்பட்ட புதிய உணவகங்கள் அடிக்கடி திறக்கப்படுகின்றன. அவற்றுள் சில, ஈராண்டு முடிவதற்குள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்கின்றன. பெர்மாஸ் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதிக்குச் சென்றால் நிலைமை வேறு. ஜாலான் துருசில் உள்ள ஹுவா முய் உணவகம் 1946 முதல் நடந்து வருகிறது. ஜாலான் தான் ஹியோக் நீயில் உள்ள ஹியாப் ஜூ ரொட்டிக்கடை அதற்கும் மூத்தது. அது தொடங்கிய ஆண்டு 1919. ஜாலான் டோபியில் இந்திய முஸ்லிம் குடும்பத்தார் நடத்தும் சலாவுடின் ரொட்டிக்கடைக்கு 1937 முதல் வரலாறு உண்டு. ராஜமாரியம்மன் ஆலயத்திற்கு வருபவர்கள் இம்மூன்று கடைகளுக்கும் நடந்தே சென்றுவிடலாம்.

ஹுவா முய், ஹைனான் சீனரின் சமையல் மரபில் வந்த கடை. மற்ற சீனக் குழுவினருக்குப் பின்னரே மலாயாவுக்கு வந்த ஹைனான் மக்களில் பலர், ஆங்கிலேயரின் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாக வேலை பார்த்தனர். அங்குப் பழகிய ரொட்டியையும் வெண்ணெயையும் பின்னர்த் தங்கள் காப்பிக்கடைகளுக்குக் கொண்டு வந்தனர். பழப்பாகு இருந்த இடத்தைக் காயா பிடித்துக்கொண்டது. வாட்டிய இரண்டு ரொட்டித் துண்டுகள், நடுவே காயாவும் வெண்ணெயும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, ஒரு கோப்பை காப்பி. இவ்வளவுதான் காலை உணவு. மெக்சிகோவிலும் இதே கதைதான். ஸ்பானியர் கொண்டு வந்த கோதுமை ரொட்டியை அந்நாட்டு மக்கள் பிளந்து, இறைச்சியும் அவரை மசியலும் வைத்துத் 'தோர்த்தா' ஆக்கினர். இன்று அது தெருவோரக் கடைகளில் உழைப்பாளிகளின் பசியாற்றும் உணவு.

எளிய உணவு என்பதால் அதைச் செய்வதும் எளிது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, பாண்டான் இலை ஆகியவற்றைச் சேர்த்துச் சிறுதீயில் நெடுநேரம் கிளறினால்தான் காயா கிடைக்கும். தீ சற்றுக் கூடினாலும் முட்டை திரிந்துவிடும். ஹியாப் ஜூவில் இன்றும் விறகடுப்பில்தான் ரொட்டி வேகிறது. பொத்தானைத் திருகி வெப்பத்தைக் குறைக்க அங்கு வழியில்லை. அடுப்பின் சூட்டைக் கையும் கண்ணும்தான் அறிய வேண்டும்.

இங்கேதான் ஒரு முரண்பாடு தெரிகிறது. குளிரூட்டப்பட்ட கடையில் ஒரு கோப்பை காப்பிக்குப் பதினைந்து ரிங்கிட் கேட்டாலும் எவரும் வாய் திறப்பதில்லை. பழைய கடை இருபது காசு உயர்த்தினால், "இங்கேயும் விலை ஏறிவிட்டதா?" என்ற முணுமுணுப்பு எழுகிறது. முட்டையும் சீனியும் வாடகையும் அந்தக் கடைக்கு மட்டும் மலிவாகக் கிடைப்பதில்லை. அலங்காரம் இல்லாத கடை மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்பது நியாயமற்ற எதிர்பார்ப்பு. குறைந்த வருமானம் உள்ளவரும் உட்கார்ந்து உண்ணக்கூடிய இடம் ஊருக்குத் தேவை என்பது உண்மைதான். ஆனால், அந்தச் சுமையைக் கடைக்காரர் ஒருவரே சுமக்க முடியாது. வசதி உள்ளவர் முகம் சுளிக்காமல் இருபது காசு கூடுதலாகக் கொடுப்பது பெரிய தியாகமன்று.

கடையைப் புதுப்பித்தால் கூட்டம் பெருகும் என்று சிலர் யோசனை கூறுவர். சுவரோவியம் தீட்டலாம், படம் எடுக்க வருவோரும் பெருகலாம். அவர்கள் ஒருமுறை வந்து போகிறவர்கள். வாரந்தோறும் வந்து மேசையில் அமர்பவரே கடையின் உலையை அணையாமல் காக்கிறார்.

விலையைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. விடியுமுன் எழுந்து அனலில் நிற்க அடுத்த தலைமுறையில் யார் முன்வருவார்? நாட்டின் தொழிற்கல்லூரிகளில் ரொட்டி, கேக் செய்முறை ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அம்மாணவர்கள் பயிற்சிக்குத் தங்கு விடுதிகளின் மின்னடுப்புகளைத் தேடிச் செல்வது வழக்கம். கடைக்காரர்கள் இசைந்தால், அவர்களில் சிலராவது ஒரு மாதம் விறகடுப்பின் முன்னும் நின்று பழகலாம்.