தொலைக்காட்சியில் முகம் விரிவது ஏன்?

தில்லி மயூர் விஹாரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற திங்கள் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்திருந்தார். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர். 1991-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்த தம் மகளின் திருமணத்தை அந்நாளில் இரண்டு வீடியோ கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றை அண்மையில் ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினார்கள். புதிய 43 அங்குலப் பெட்டியின் முன் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து முதற் பகுதியைப் பார்த்தனர். மணமகளின் தாயார் மாலைத் தட்டேந்தி வந்தார். உடனே பன்னிரண்டு வயதுப் பேரன், “தாத்தா, பாட்டி இவ்வளவு குண்டா?” என்று கேட்டுவிட்டான்.

அந்த அம்மையார் 2004-இல் இறைவனடி சேர்ந்தவர். மெலிந்த உடலினர், நான் அவரை நன்கறிவேன். பேரன் அவரைக் கண்டதே இல்லை. முதியவர் மறுமொழி கூறாமல் எழுந்து உள்ளே சென்றுவிட்டாராம். “அது அவள் இல்லை, ஐயா” என்றுதான் என்னிடமும் சொன்னார்.

அவர் சொன்னது கணக்கின்படியும் சரியே. இதனைச் சற்று விளக்குவது இத்திங்கள் நம் பகுதிக்குப் பொருத்தமாகும்.

படம் என்பது ஒரு சட்டத்துக்குள் அடங்கியது. அச்சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே இங்கு முக்கியம். திரைப்படம் தோன்றிய காலத்தில் அது நான்குக்கு மூன்று. பேசும் படம் வந்தபோது ஒலிக்கென்று படச்சுருளின் ஓரத்தில் சிறிது இடம் விட வேண்டியதாயிற்று. 1932-இல் அமெரிக்கத் திரைத்துறையினர் ஏறத்தாழ அதே வடிவத்தை மீண்டும் நிலைநிறுத்தினர். நம் ‘சந்திரலேகா’ (1948) அவ்வடிவில் எடுக்கப்பட்டதே. தொலைக்காட்சியும் திரைப்படத்தைப் பின்பற்றி நான்குக்கு மூன்றையே மேற்கொண்டது. 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் இதே தில்லியில் இந்தியத் தொலைக்காட்சி தொடங்கியபோதும் அதுவே வடிவம். பின்னாளில் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படம் போடுவார்களே, தமிழின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தோமே, அந்தப் பெட்டியும் அப்படியே.

இதற்கிடையில் திரையரங்கு அகன்றுவிட்டது. வீட்டுக்கு வந்த தொலைக்காட்சியால் கூட்டம் குறையவே, அமெரிக்கப் படமுதலாளிகள் 1953-இல் சினிமாஸ்கோப்பைக் கொணர்ந்தனர். அகன்ற காட்சியை ஒரு தனிவகைக் கண்ணாடிவில்லை பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சுருளில் பதிக்கும். அரங்கில் மற்றொரு வில்லை அதனை விரித்துத் திரையில் வீழ்த்தும். இந்தியில் ‘காகஸ் கே பூல்’ 1959-இலும், தமிழில் ‘ராஜராஜ சோழன்’ 1973-இலும் இம்முறையில் வந்தன. தில்லியில் சின்னஞ்சிறு தொலைக்காட்சித் திரை தோன்றிய ஆண்டிலேயே இந்தியத் திரைப்படம் அகலத் தொடங்கியது என்பது வேடிக்கைதான்.

1980-களில் உயர்துல்லியத் தொலைக்காட்சிக்கு வடிவம் தேடியபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வழக்கிலிருந்த பல வடிவங்களையும் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவை அனைத்தையும் உள்ளடக்கும் வெளிச்சட்டமும், அனைத்துக்கும் பொதுவான உட்சட்டமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்தன. அவ்விகிதமே இன்று நம் கூடத்தில் தொங்கும் பதினாறுக்கு ஒன்பது. எந்தப் படத்துக்கும் முற்றும் பொருந்தாமல், எல்லாப் படத்துக்கும் ஓரளவு இடங்கொடுக்கும் சமரசம் அது.

ஆகவே 43 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலமும் 53½ செ.மீ. உயரமும் உடையது. பழைய படம் அதில் 71 செ.மீ. அகலமே கொள்ளும், இருபுறமும் 12 செ.மீ. கருமையாக நிற்கும். இக்கருமையைத்தான் நம்மவர் பொறுப்பதில்லை. “இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பெட்டியில் கால்பங்கு வீணாவதா?” என்பர். உடனே யாரேனும் ரிமோட்டை அழுத்திப் படத்தை இழுத்து நிரப்பிவிடுவர். அப்போது அகலம் மட்டும் மூன்றிலொரு பங்கு கூடும், உயரம் கூடாது. நெற்றியில் வட்டமாக இட்ட பொட்டு, கிடத்திய முட்டைபோல் ஆகிவிடும். அன்பரின் துணைவியாருக்கு நேர்ந்தது அதுவே. கருமையை நான் வீணென்று கருதுவதில்லை. சுவரில் மாட்டிய பெரியோர் படத்தைச் சுவர் நிறைய வேண்டுமென்று யாரும் இழுப்பதில்லையே!

பிழை எங்குள்ளது என்று அறிய வழி உண்டு. திரையில் வட்டமான பொருள் ஒன்று, வண்டிச் சக்கரமோ சுவர்க் கடிகாரமோ நேர்முகமாகத் தோன்றும்போது படத்தை நிறுத்தி, ஓர் அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் குறையில்லை. ஒவ்வாதெனில், மூலையில் உள்ள அலைவரிசையின் சின்னத்தைக் கவனியுங்கள். சின்னம் ஒழுங்காக இருந்து, நடிகர் மட்டும் பருத்திருந்தால், அனுப்புவோரே படத்தை இழுத்துவிட்டனர் என்று பொருள். பழைய தமிழ்ப் படங்கள் பல இன்று இவ்வாறு வருகின்றன. பெட்டியின் ‘பிக்சர் சைஸ்’ அல்லது ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்னும் பகுதியில் 4:3 என்பதைத் தெரிந்தெடுத்தால் நடிகர் தம் உருவை அடைவார். சின்னம் சற்று ஒடுங்கும், ஒடுங்கட்டும். எல்லா அலைவரிசைகளிலும் சின்னமும் மாந்தரும் சேர்ந்தே பருத்தோ மெலிந்தோ இருந்தால், தவறு செட்-டாப் பாக்ஸிலோ தொலைக்காட்சியிலோ இருத்தல் வேண்டும். இரண்டிலும் தனித்தனியே இந்த அமைப்பு உண்டு. ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பவரே மிகுதி. பாக்ஸை 16:9 என வைத்துவிட்டு, அதன்பின் தொலைக்காட்சியில் ‘ஒரிஜினல்’ என்பதையோ 16:9 என்பதையோ வையுங்கள். பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

ஓரங்களில் எழுத்துகள் வெட்டுண்டால், ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்பதை நாடுக. ‘ஜூம்’ என்பதை ஓரிடத்தில்தான் நான் ஏற்பேன்: நாற்புறமும் கருமை சூழப் படம் நடுவில் தபால் தலைபோல் நின்றால், அது உதவும். மற்றபடி அது வெட்டுக் கத்தி.

அன்பரின் வீட்டில் முதற் பகுதிக்கு மருந்து எளிதாயிற்று. கடைக்காரர் படத்தை இழுத்திருந்தாரேயன்றி எதையும் நீக்கவில்லை. 4:3 என்று மாற்றியதும் திரை இருமருங்கும் ஒடுங்கிற்று. பேரன் தாத்தாவைக் கூவி அழைத்தான். அவர் வந்து வாயிலிலேயே நின்று நெடுநேரம் பார்த்தார். “அந்தப் பட்டுப் புடவை நானும் அவளும் கரோல்பாக்கில் வாங்கியது” என்றார்.

இரண்டாம் பகுதியில்தான் நாங்கள் தோற்றோம். அதனைக் கடைக்காரர் இழுக்காமல், திரை நிறையும்வரை பெரிதாக்கி, மிகுந்ததை மேலும் கீழும் வெட்டித் தள்ளியிருந்தார். உயரத்தில் கால்பங்கு போயிற்று. முகங்கள் அளவாகவே இருந்தன. ஆனால், நின்றவர்களின் தலை இல்லை. அம்மி மிதிக்கும் காட்சியில் மாப்பிள்ளை குனிந்து மெட்டி அணிவிக்கிறார்; அம்மியும் இல்லை, மெட்டியும் இல்லை, மகளின் கால்விரலும் இல்லை. இழுத்த படத்தை ஒடுக்கலாம். வெட்டிய படத்தை எந்த ரிமோட்டும் மீட்டுத் தராது.

நல்வேளையாக அவர் கேசட்டுகளைத் தூக்கி எறியவில்லை. பென் டிரைவ் வந்துவிட்டதே என்று பழைய பொருள் வாங்குபவரிடம் போட இருந்தவரை, மருமகள்தான் தடுத்து பீரோவில் எடுத்து வைத்திருக்கிறார். நம் அங்கத்தினர் இல்லங்களில் இத்தகைய கேசட்டுகள் பல உறங்குகின்றன. மாற்றக் கொடுப்போர், “நான்குக்கு மூன்றாகவே வேண்டும், இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்” என்று ஒரு தாளில் எழுதிக் கேசட்டோடு ஒட்டிக் கொடுங்கள். வாய்மொழி போதாது. முதலில் ஐந்து நிமிடம் மட்டும் மாற்றித் தரச் சொல்லி, வீட்டுப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். முழுவதும் சரியாக வந்தபின்னும் கேசட்டை விடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நாடாவில் பூஞ்சை படர்ந்திருப்பின் வீட்டில் ஓட்டிப் பார்த்தல் கூடாது.

இரண்டாம் கேசட் இப்போது மறுபடியும் கடைக்குச் சென்றிருக்கிறது. இம்முறை தாளை எழுதியவன் பேரன். ‘பாட்டியின் காலும் தெரிய வேண்டும்’ என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறான்.